கொழுப்புச் செல்லின் நினைவு: நிறுவப்பட்டதும் நிறுவப்படாததும்

எடை குறைந்த பிறகும் கொழுப்புத் திசு தன் பழைய பருமனை எபிஜெனெடிக் குறிகளாக, அதாவது டிஎன்ஏ எழுத்தை மாற்றாமல் மரபணுவின் செயலை மாற்றும் குறிகளாக, சுமந்துகொண்டிருக்கிறது. இழந்த எடை திரும்ப ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். 2024 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான சூரிச் ஈடிஹெச் குழுவின் ஆய்வுரை முன்வைக்கும் கருத்து இது. லாரா ஹின்டே முதல் ஆசிரியர். ஃபெர்டினாண்ட் ஃபான் மையென் குழுத் தலைவர். பல நாடுகளின் நாளேடுகளும் இதை உடனே செய்தியாக்கின. செய்தி ஓடிய வேகத்தில் மதிப்பீடு பின்தங்கிவிட்டது. இந்த ஆய்வுரை கவனமான மதிப்பீட்டுக்குத் தகுதியானது என்பதாலேயே அதன் தகுதியையும் குறையையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கருத்துக்குள் மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன. பருமன் உண்டாக்கிய மாற்றங்கள் எடை இறங்கிய பின்னும் நீடிக்கின்றன என்பது ஒன்று. அவை கொழுப்புச் செல்லின் எபிஜெனெடிக் அமைப்பில் பதிந்திருக்கின்றன என்பது இரண்டாவது. எடை மீள்வதை அந்தப் பதிவே உந்துகிறது என்பது மூன்றாவது. முதலாவதை நிறுவ நல்ல அளவீடு போதும். இரண்டாவதற்குச் சரியான செல்லைத் தனித்தெடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு அளவீடு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் போதாது. குறியை மாற்றிப்பார்த்து விளைவு மாறுகிறதா என்று காட்டும் சோதனை வேண்டும். ஆய்வுரையின் பலம் முதலிரண்டில் குவிந்திருக்கிறது. அதன் புகழோ மூன்றாவதை நம்பி நிற்கிறது.

இத்துறையைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு இந்தப் பிரிப்பு ஏன் அவசியம் என்று விளக்க வேண்டியதில்லை. வாட்டர்லேண்டும் ஜர்ட்டிலும் 2003இல் அகூட்டி எலிகளில் செய்த சோதனை அழகானது. தாய் எலியின் உணவில் ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டைன் ஆகியவற்றைச் சேர்த்தபோது குட்டிகளின் டிஎன்ஏ மெத்திலேற்றமும் (ஒரு வகை எபிஜெனெடிக் குறி) மயிர் நிறமும் மாறின. ஆனால் அந்த விளைவு, குறிப்பிட்ட ஒரு மரபணுவுக்கு அருகே வந்து உட்கார்ந்த தாவும் டிஎன்ஏ துண்டின் தனித்தன்மையைச் சார்ந்தது. மனிதப் பருமனுக்கு அதைப் பொதுவிதியாக நீட்டியதில் அவசரம் இருந்தது. 1944-45 டச்சுப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களிடம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஐஜிஎஃப்2 மரபணுவில் மெத்திலேற்றம் குறைந்திருந்ததை 2008இல் ஹைமன்ஸ் குழு காட்டியது. நீடிப்புக்கு அது வலுவான சான்று. ஆயினும் அளந்தது இரத்தத்தை; கொழுப்பை அல்ல. 2014இல் உடல் நிறைக் குறியீட்டெண்ணோடு (பிஎம்ஐ) தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட எச்ஐஎஃப்3ஏ மரபணுவின் மெத்திலேற்றமும் முதலில் இரத்தத்தில்தான் புலப்பட்டது.

2017இல் வால், சேம்பர்ஸ் முதலியோர் ‘நேச்சர்’ இதழிலேயே வெளியிட்ட ஆய்வு இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரையும் உள்ளடக்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மாதிரிகளை ஆராய்ந்து, பிஎம்ஐயோடு இணைந்த 187 மெத்திலேற்ற இடங்களை அது அடையாளம் கண்டது. அதன் உண்மையான சாதனை அந்த எண்ணிக்கையில் இல்லை. மரபு வேறுபாடுகளைக் கருவியாகக் கொண்டு காரண-விளைவுத் திசையைச் சோதித்து, அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை பருமனின் விளைவுகளே, காரணங்கள் அல்ல என்று சொன்னது. தன் கண்டுபிடிப்பின் கவர்ச்சியைத் தானே குறைத்துக்கொள்ளும் துணிவு அது. பின்வந்த ஒவ்வோர் ஆய்வையும் நான் அந்த நேர்மையை வைத்தே அளக்கிறேன். ஹின்டே குழுவின் ஆய்வுரையும் அந்த அளவுகோலுக்கு உட்பட்டதுதான்.

முதலில் அதன் தகுதி. கொழுப்புத் திசுவில் கொழுப்புச் செல் மட்டும் இல்லை. மேக்ரோபேஜ் முதலான நோயெதிர்ப்புச் செல்கள், இரத்தக் குழாய்ச் செல்கள், முன்னோடிச் செல்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. பருமனில் இந்தக் கலவையின் விகிதமே மாறும். திசுவை மொத்தமாக அரைத்து அளந்தால், செல் மாறியதா, செல்களின் விகிதம் மாறியதா என்று சொல்ல முடியாது. முந்தைய ஆய்வுகளில் பலவற்றை இந்த ஓட்டை பலவீனப்படுத்தியது. சூரிச் குழு இதை இரு வழிகளில் அடைத்தது. மனிதத் திசுவிலும் எலித் திசுவிலும் ஒவ்வோர் உட்கருவின் ஆர்என்ஏயையும் தனித்தனியே வாசித்தது. எலிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், கொழுப்புச் செல்களின் உட்கருவும் ரைபோசோமும் மட்டும் குறியிடப்படும் மரபணு மாற்ற எலிகளைப் பயன்படுத்தி, அந்தச் செல்களின் குரோமாட்டினை (டிஎன்ஏயும் அது சுற்றப்பட்டிருக்கும் புரதங்களும்) பிரித்தெடுத்தது. செல்வகை பற்றிய ஐயம் எலிகளைப் பொறுத்தவரை பெருமளவு தீர்கிறது.

குறிகளைத் தேர்ந்ததிலும் முறைமை தெரிகிறது. ஒரே ஒரு குறியைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு ஓடவில்லை. மரபணுவின் தொடக்கப் பகுதி திறந்திருப்பதைக் காட்டும் ஹிஸ்டோன் குறி, அடைபட்டிருப்பதைக் காட்டும் குறி, தொலைவிலிருந்து மரபணுவை ஊக்கும் பகுதிகளுக்குரிய இரு குறிகள், இவற்றோடு குரோமாட்டின் எந்த அளவு திறந்திருக்கிறது என்ற அளவீடு எனப் பல கோணங்களிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டது. கொழுப்பிலிருந்து 60 விழுக்காடு கலோரி கிடைக்கும் தீவனத்தில் 12 அல்லது 25 வாரம் எலிகளை வளர்த்து, பிறகு சாதாரணத் தீவனத்துக்கு மாற்றி, எடை கட்டுப்பாட்டு எலிகளின் அளவுக்கு இறங்கிய பின் அளந்தார்கள். உடல் மெலிந்தது, குறிகளில் ஒரு பகுதி மீளவில்லை. அழற்சி, செல்வெளிப் பொருளமைப்பு தொடர்பான மரபணுப் பகுதிகள் திறந்தே இருந்தன. கொழுப்புச் செல்லுக்கு அதன் அடையாளத்தைத் தரும் வளர்சிதைமாற்ற மரபணுக்கள் சில அடங்கியே கிடந்தன. முன்பு பருமனாக இருந்த எலிகளின் கொழுப்புச் செல்கள் சர்க்கரையையும் பால்மிடிக் அமிலத்தையும் கூடுதலாக உள்ளிழுத்தன. அதே எலிகளுக்கு மீண்டும் கொழுப்புத் தீவனம் தந்தபோது, ஒருபோதும் பருமனாகாத எலிகளைவிட வேகமாக எடை கூடின. எந்த மரபணுக்களில் குறி தங்கியிருந்ததோ, அவற்றோடு இரண்டாம் சுற்றில் பிறழ்ந்த மரபணுக்கள் கணிசமாக ஒத்துப்போயின.

சான்றுகளின் இந்த ஒருங்கிணைவு அரிது. அளவீடு, செல்லின் நடத்தை, முழு விலங்கின் நடத்தை ஆகிய மூன்று மட்டங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன. எலியின் கொழுப்புச் செல் தன் கடந்த காலத்தைக் குரோமாட்டினில் வைத்துக்கொள்கிறது என்ற கூற்றை, என் மதிப்பில், நிறுவப்பட்டதாகவே கொள்ளலாம். பருமன் ஆய்வில் இந்த அளவுக்குத் தெளிவாக அதைக் காட்டிய வேறொரு படைப்பை நான் அறியேன்.

இனி மனிதப் பகுதி. ஆய்வுரையின் தலைப்பு கொழுப்புத் திசு என்று பொதுவாகப் பேசுகிறது. எந்த உயிரியின் திசு என்று சொல்லவில்லை. மனிதர்களிடம் இந்தக் குழு முன்வைக்கும் சான்று மரபணு வெளிப்பாட்டைப் பற்றியது. ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் எடைக் குறைப்பு அறுவைக்குச் சென்றவர்களின் ஓமென்டக் கொழுப்பையும் தோலடிக் கொழுப்பையும் அறுவையின்போதும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்குப் பிறகும் எடுத்து, பருமன் இல்லாதவர்களின் திசுவோடு ஒப்பிட்டார்கள். ஐஜிஎஃப்1, எல்பிஐஎன்1, ஐடிஎச்1 போன்ற மரபணுக்கள் பருமனில் தாழ்ந்தன. எடை இறங்கிய பின்னும் எழவில்லை. பயனுள்ள கண்டுபிடிப்புதான். ஆனால் வெளிப்பாடு நீடிப்பது ஒன்று. அந்த நீடிப்புக்கு எபிஜெனெடிக் குறிதான் அடிப்படை என்பது வேறொன்று. இரண்டாவது, எலியில் அளக்கப்பட்டது, மனிதனில் ஊகிக்கப்பட்டது. சுருக்கவுரை இந்த வேறுபாட்டைக் கவனமாகவே சொல்கிறது. எலியின் கொழுப்புச் செல்கள் என்று வரம்பிடுகிறது. வேறு செல்வகைகளுக்கு ‘அநேகமாக’ என்ற அடைமொழி வைக்கிறது. அந்தக் கவனம் தலைப்பில் இல்லை. சுருக்கவுரையைப் படிப்பவர்கள் ஆயிரம் பேர் என்றால் தலைப்பை மட்டும் படிப்பவர்கள் லட்சம் பேர். இந்தத் துறையின் கடந்த கால மிகைக்கூற்றுகளை அறிந்த ஆசிரியர்களும் இதழாசிரியர்களும் தலைப்பிலேயே எலியைக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

இதைவிடக் கடுமையான குறை ஒப்பீட்டில் இருக்கிறது. அது குறைவாகவே பேசப்பட்டது. எலிச் சோதனையில் முன்னாள் பருமன் எலியும் கட்டுப்பாட்டு எலியும் ஒரே எடைக்கு வந்த பிறகு ஒப்பிடப்பட்டன. ஆகவே எஞ்சிய வேறுபாடு கடந்த காலத்துக்குரியது என்று சொல்ல நியாயம் உண்டு. மனிதர்களிடமோ பிஎம்ஐ குறைந்தது 25 விழுக்காடு இறங்கியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பிஎம்ஐ 50 உள்ள ஒருவர் கால் பங்கை இழந்தால் 37.5க்கு வருவார். அவர் முன்னாள் பருமனர் அல்லர், இன்னும் பருமனரே. அவருடைய கொழுப்புச் செல்லில் பருமனின் தடம் தெரிந்தால், அது பழையதன் நினைவா, நிகழ்வதன் பிரதிபலிப்பா? எடையில் ஒத்த, ஆனால் அதிகப் பருமனை ஒருபோதும் எட்டாத ஒரு குழுவை இடையில் வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். அறுவை செய்துகொண்டவர்களில் அத்தகையோரைத் தேடிச் சேர்ப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடினம் என்பதால் சான்றின் எடை கூடிவிடாது. மாதிரி எண்ணிக்கையும் சிறியது. அறுவை சிகிச்சை குடலின் அமைப்பையும் ஹார்மோன்களையும் பித்த அமிலங்களையும் மாற்றக்கூடியது. அந்த மாற்றம் கொழுப்பில் என்ன தடம் விடுகிறது என்பதும் பிரித்தறியப்படவில்லை.

எலிப் பகுதியிலும் இரண்டு இடங்களில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆண் எலிகள், அவற்றின் விரைமேல் குழலை ஒட்டிய கொழுப்பு: இதுதான் ஆய்வின் களம். மனித ஆணிடம் அதற்கு நிகரான கொழுப்புத் தொகுதி இல்லை. பெண்களின் கொழுப்பு, அதன் பரவலிலும் நடத்தையிலும் வேறுபட்டது. அடுத்தது செல் இறப்பு. கொழுப்புத் தீவனம் உண்ட எலிகளின் இதே கொழுப்புத் தொகுதியில், பதினாறாம் வார அளவில் செல் இறப்பு 80 விழுக்காடு வரை உயர்வதாக 2007இலேயே ஸ்ட்ரிஸல் குழு காட்டியிருக்கிறது. அதன் பிறகு புதிய செல்கள் இடத்தை நிரப்புகின்றன. அப்படியானால் 25 வாரத் தீவனத்துக்குப் பிறகு அளக்கப்படும் செல்களின் நிலை, செல் ஒவ்வொன்றும் மாறியதால் வந்ததா, அல்லது குறிப்பிட்ட தன்மை கொண்ட செல்கள் மட்டும் பிழைத்ததால் வந்ததா? இரண்டும் ஒரே படத்தைத் தரக்கூடும். ஆனால் முதலாவது எழுதப்பட்ட நினைவு, இரண்டாவது தேர்வு. சிகிச்சைக்கு இந்த வேறுபாடு முக்கியம். எழுதியதை அழிக்க மருந்து தேடலாம். இறந்துபோன செல்லைத் திரும்ப அழைக்க முடியாது. 12 வாரத் தொகுதியிலும் நீடிப்பு தெரிவது எழுத்துக்குச் சாதகமான சான்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது கூற்றுக்கு வருகிறேன். எடை மீள்வதைக் கொழுப்புச் செல்லின் குறிகள் உந்துகின்றனவா? ஆய்வுரை தருவது ஒத்துப்போதலை. முன்பு பருமனான எலி வேகமாக எடை கூடியது. அதன் கொழுப்பில் குறிகள் இருந்தன. அதே எலியின் குடலிலும் மூளையிலும் கல்லீரலிலும் என்ன தங்கியிருந்தது? இந்தக் கேள்வி கற்பனையானது அல்ல. 2016இல் வைஸ்மன் நிறுவனத்தின் தைஸ், எலினாவ் குழுவினர் இதே மீள்வை எலிகளில் ஆராய்ந்து, பருமன் தீர்ந்த பின்னும் குடல் நுண்ணுயிர்த் தொகுதி பழைய நிலையிலேயே நீடிப்பதைக் கண்டனர். அந்த நுண்ணுயிர்களைக் கிருமியற்ற எலிகளுக்கு மாற்றியபோது வேகமான எடையேற்றமும் கூடவே மாறியது. ஏபிஜெனின், நரிஞ்செனின் என்ற இரு தாவரப் பொருள்களைக் கொடுத்து அதைத் தணிக்கவும் முடிந்தது. காரணத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் விளைவும் பெயர்கிறது. காரணத்தைத் தடுத்தால் விளைவு தடைபடுகிறது. நிறுவுதல் என்பது இது. சூரிச் ஆய்வில் இதற்கு இணையான படி இல்லை.

அந்தப் படி எபிஜெனெடிக் துறையில் எட்ட முடியாததும் அல்ல. மான்ட்ரியலில் ஹாட்டா, சபியேகா குழுவினர் 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு நோயெதிர்ப்புச் செல்களைப் பற்றியது. விழித்திரை நோய் அதன் இலக்கு. முன்பு பருமனாக இருந்து மெலிந்த எலியின் கொழுப்புத் திசுவை ஒருபோதும் பருமனாகாத எலிக்கு மாற்றிவைத்தபோது, கண்ணில் நோய்ப்போக்கு தீவிரமானது. கொழுப்புத் திசு மாற்றம் சாத்தியம். அதைச் செய்து எடை மீள்வை அளப்பதும் சாத்தியம். இன்னும் நுட்பமான அளவுகோலும் உண்டு. 2015இல் கிளாஸ்நிட்சர் குழு, பருமனோடு தொடர்புடைய எஃப்டிஓ மரபணுப் பகுதியின் ஒற்றை எழுத்தைக் கிரிஸ்பர் கொண்டு திருத்தி, மனிதக் கொழுப்பு முன்னோடிச் செல்களின் வெப்ப உற்பத்தியை மீட்டுக்காட்டியது. டிஎன்ஏ எழுத்தை மாற்றாமல் குறியை மட்டும் வைக்கவோ நீக்கவோ வல்ல கருவிகள் இன்று கையில் இருக்கின்றன. ஒரு சில முக்கிய மரபணுக்களின் குறியை நீக்கி, அந்தச் செல் சர்க்கரை உள்ளிழுக்கும் அளவு இயல்புக்குத் திரும்புகிறதா என்று பார்த்திருந்தால், மூன்றாவது கூற்றின் முதல் கல்லாவது ஊன்றப்பட்டிருக்கும். காரணத் தொடர்பு நேரடியாக நிறுவப்படவில்லை என்பதை ஆசிரியர்களும் மறைக்கவில்லை. ஆயினும் சுருக்கவுரையின் முடிவில் ‘யோ-யோ’ எடை ஊசலுக்கு இது பங்களிப்பதாகக் கூறும் வாக்கியம், சான்று நிற்கும் இடத்தைத் தாண்டி ஓரடி வைக்கிறது.

ஒரு விஷயம் இந்தக் கருத்துக்கு ஆதரவாக இருப்பதை விட்டுவிடக் கூடாது. ஸ்பால்டிங், ஆர்னர் முதலியோர் 2008இல் அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் விட்ட கார்பன்-14ஐக் காலக்கடிகாரமாகப் பயன்படுத்தி, வளர்ந்த மனிதரின் கொழுப்புச் செல்களில் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடே புதுப்பிக்கப்படுகிறது என்று காட்டினர். எடை வெகுவாகக் குறைந்தாலும் செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை. செல்லின் அளவு மட்டுமே குறைகிறது. அறுவைக்கு இரண்டு ஆண்டு கழித்து எடுக்கப்படும் திசுவில் இருப்பவை பெரும்பாலும் பழைய செல்களே. நினைவைத் தாங்குவதற்குரிய ஆயுள் கொழுப்புச் செல்லுக்கு உண்டு. அதே உண்மை ஒரு கூர்மையான சோதனையையும் தருகிறது: அறுவைக்குப் பத்து ஆண்டு கழித்தும் அதே தடம் இருந்தால், நினைவு முன்னோடிச் செல்களுக்கும் கடத்தப்பட்டிருக்க வேண்டும், மங்கியிருந்தால், அது செல்லோடு பிறந்து செல்லோடு முடிவது.

2025இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மனிதத் தோலடிக் கொழுப்பின் வரைபடம் இந்த விவாதத்துக்குத் தேவையான எதிர்த்தட்டு. எழுபது பேரின் 1,70,000க்கும் மேற்பட்ட செல்களை அது தனித்தனியே ஆராய்ந்தது. எடை குறைந்தபோது மூப்படைந்த செல்களின் சுமை இறங்கியது. கொழுப்புச் செல்களின் வளர்சிதைமாற்றம் பல வகையில் மீண்டது. மேக்ரோபேஜ்களில் மட்டும் பழைய தூண்டல் முழுமையாக அடங்கவில்லை. சூரிச் ஆய்வு மீளாததை எடுத்துக்காட்டியது; லண்டன் ஆய்வு மீண்டதை. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஆனால் நினைவின் முதன்மை இருப்பிடம் கொழுப்புச் செல்லா, அதைச் சூழ்ந்த நோயெதிர்ப்புச் செல்லா என்ற கேள்வி இப்போது திறந்திருக்கிறது. மான்ட்ரியல் ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால், எடை மீள்வு நோயெதிர்ப்புச் செல்லின் பக்கமும் விசாரிக்கப்பட வேண்டும்.

நம் வாசகருக்கு ஒரு தனிக்குறிப்பு. இந்த ஆய்வுகளில் பருமன் வரையறுக்கப்படுவது பிஎம்ஐயால். 2004இல் ‘லான்செட்’ இதழில் புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டனர். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த உடலில் மிகுந்த கொழுப்பைச் சுமக்கும் இந்திய உடலமைப்பில், பிஎம்ஐ ஏறாமலே கொழுப்புச் செல்கள் திணறத் தொடங்குகின்றன. அத்தகைய செல்கள் என்ன குறிகளைச் சுமக்கின்றன என்பது ஐரோப்பிய அறுவை நோயாளிகளின் திசுவிலிருந்து உய்த்துணரக்கூடியது அல்ல. சென்னையிலும் புனேயிலும் நீரிழிவு ஆய்வில் நீண்ட மரபுள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளத் தகுதி படைத்தவர்கள் அவர்களே.

பொதுவெளியில் இந்த ஆய்வு செய்த நன்மையும் உண்மையானது. எடை திரும்ப ஏறினால் மன உறுதி இல்லை என்று பழிசுமத்தும் வழக்கத்துக்கு அது உயிரியல் மறுப்பைத் தந்தது. செமாக்ளுடைட் ஊசியை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதை 2022இல் ஒரு மருந்துச் சோதனையின் தொடர்கண்காணிப்பு காட்டியது. அவர்களில் யாரையும் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த மறுப்புக்குச் சூரிச் ஆய்வு அவசியம்கூட அல்ல. எடை குறைந்து ஓராண்டு கழிந்தும் பசி ஹார்மோன்கள் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை என்று சுமித்ரன் குழு 2011இலேயே காட்டிவிட்டது. நல்ல நோக்கத்துக்குப் பயன்படுகிறது என்பதற்காக ஒரு கூற்றின் சான்றுக்கு மதிப்பெண் கூட்ட முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. எலியின் கொழுப்புச் செல்லில் பருமனின் எபிஜெனெடிக் தடம் எடை இறங்கிய பின்னும் நீடிக்கிறது என்பதை ஹின்டே குழு முதல்தர முறைமையோடு நிறுவியிருக்கிறது. இனி அந்தப் பகுதி துறையின் அடித்தளத்தில் சேரும். மனிதக் கொழுப்பில் மரபணு வெளிப்பாட்டு மாற்றம் நீடிப்பது நம்பத்தக்கது. ஒத்த எடையுள்ள ஒப்பீட்டுக் குழு வரும்வரை அதை நினைவு என்று ஏற்பதற்கில்லை. அந்தத் தடமே எடையைத் திரும்ப ஏற்றுகிறது என்பது இன்னும் கருதுகோள். அதைச் சோதிக்க வேண்டிய கருவிகளும் முன்மாதிரிகளும் இருக்கின்றன. அடுத்த ஆய்வுரை அவற்றைப் பயன்படுத்தாமல் வந்தால், இந்த அளவு பொறுமையோடு அதைப் படிக்கத் தேவையில்லை.